கயிற்றின் முன்முனை

பருவம் முடிந்ததும் அந்த வருடத்துப் பந்தயங்களைப் பற்றி யாராவது ஒருவர் எழுதி, நவம்பர் கூட்டத்தில் பட்டாணி சூப் வருவதற்கு முன் வாசிக்க வேண்டும். எங்கள் ஆல்சுந்த் நீச்சலோட்டச் சங்கத்தின் வழக்கம் அது. இந்த முறை என் தலையில் விழுந்தது.

"படிச்சுப் பட்டம் வாங்கினவ நீ. ரெண்டு பக்கம் எழுத வலிக்குதா, தூவா?" என்றான் சங்கத் தலைவன் தோர்கெல்.

எழுதிக் கொடுத்தேன். யார் எத்தனையாவது, எந்தப் பந்தயத்தில் காற்று எப்படி, யாருக்கு முழங்கால் போனது, எல்லாம் அதில் இருந்தது. கைதட்டினார்கள். ஆனால் அதில் ஒருத்தியை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஜோடிக்குத் தாண்டியிருந்தேன். அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். அந்த ஒருத்தியிடம், ஹில்லேவியிடம், கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

"எழுது. என்னைப் பாவமா மட்டும் காட்டிடாதே," என்றாள்.

ஹில்லேவிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஊரில் உள்ள பல் மருத்துவமனையில் உதவியாளர். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காப்பியை நின்றுகொண்டேதான் குடிப்பாள். பேசிக்கொண்டே மேசையைத் துடைப்பாள், அது அடுத்தவர் வீட்டு மேசையாக இருந்தாலும். சானா என்னும் நீராவி அறையில் எல்லோரும் கண்ணை மூடிக் கிடக்கும்போது இவள் மட்டும் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கும் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்கும் மாறிக்கொண்டே இருப்பாள். "உன் பின்பக்கத்துல ஸ்பிரிங் வெச்சுப் பொறந்தியா?" என்று கேட்காதவர்கள் சங்கத்தில் இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு நீச்சலோட்டம் பொருந்திப் போனதில் ஆச்சரியமில்லை. தீவின் குறுக்கே பாறையிலும் காட்டிலும் ஓட வேண்டும். போட்ட ஷூவோடும் ரப்பர் உடையோடும் அப்படியே கடலில் இறங்க வேண்டும். அடுத்த தீவுக்கு நீந்தி, கரையேறி, மறுபடி ஓட வேண்டும். பந்தயம் முழுக்க இதேதான். எப்போதும் இருவராக. இருவர் இடுப்பையும் ஒரு கயிறு சேர்த்திருக்கும். ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவளுக்கும் பந்தயம் முடிந்தது.

தண்ணீரில் முன்னால் போகிறவள் அவ்வப்போது தலையைத் தூக்கி, எதிர்க்கரையில் நட்டிருக்கும் ஆரஞ்சுக் கொடியைத் தேடித் திசை பிடிப்பாள். பின்னால் வருகிறவளுக்கு அந்தக் கவலை இல்லை. முன்னவளின் காலடியிலிருந்து கிளம்பும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும், வேகம் குறையும். அதனால் பின்னவள் தலையைத் தூக்கக் கூடாது என்பது எங்களுக்குள் சட்டம் மாதிரி.

ஆறு பருவங்களாக ஹில்லேவி பின்னவள். முன்னவள் மாய்கென். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, கதவை அடைக்கிற தோள்கள். இருவரும் சேர்ந்தால் பெண்கள் பிரிவில் முதல் பத்துக்கு வெளியே போனதே இல்லை. ஹில்லேவியிடம் அந்தப் பந்தயங்களைப் பற்றிக் கேட்டால் தண்ணீரின் குளிரைச் சொல்வாள், உப்பைச் சொல்வாள், மாய்கெனின் இடது ஷூவில் அடிப்பாகம் எப்படித் தேய்ந்திருந்தது என்று சொல்வாள். எந்தத் தீவுக்கும் எந்தத் தீவுக்கும் நடுவே நீந்தினார்கள் என்று கேட்டால் சிரித்துவிடுவாள்.

ஏப்ரலில், சானாவில் வைத்து மாய்கென் சொன்னாள்: "இந்த வருஷம் நான் டிரையத்லான் போறேன்டி. நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு பெரிய தூரம். தனியா."

"தனியான்னா?"

"தனியான்னா தனியாத்தான். கயிறு இல்லாம."

ஹில்லேவி எழுந்தாள். சுடுகல்லின் மேல் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினாள். இன்னொன்று ஊற்றினாள். நிறுத்தவே இல்லை. ஆவி தாங்காமல் நாங்கள் ஒவ்வொருவராக வெளியே ஓடினோம்.

அவளுக்கு ஜோடியாக என்னைப் போட்டான் தோர்கெல். நான் பட்டம் முடித்து ஊர் திரும்பி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நூலகத்தில், பிள்ளை பெற்று விடுப்பில் போன ஒருத்தியின் இடத்தில் தற்காலிக வேலை. எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. குழாய் வேலை பார்க்கும் அப்பா, "அது சரி, நீ படிச்சது எதுக்கு?" என்று இன்னமும் உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஓடுவேன் நன்றாக. நீச்சல் சுமார். அதனால் நிலத்தில் நான் முன்னால், தண்ணீரில் ஹில்லேவி முன்னால் என்று முடிவானது. அதைத் தவிர வேறு முடிவே இருக்க முடியாது என்பதால் அவளை யாரும் கேட்கவில்லை.

மே மாதம் எங்கள் ஊர்ப் பந்தயம். தண்ணீர் நெற்றியில் சுத்தியலால் அடிக்கிற குளிர். கயிறு என் இடுப்பை ஒரு நேரம் இடப்பக்கம் இழுத்தது, ஒரு நேரம் வலப்பக்கம் இழுத்தது, திடீரென்று தொய்ந்தது. நான் சட்டப்படி குமிழியைப் பார்த்துக்கொண்டே போனேன். எப்படியோ ஒவ்வொரு தீவிலும் கரையேறினோம். முடிந்ததும் ஹில்லேவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நேராத்தானே போனேன்?"

என் ஜி.பி.எஸ். கடிகாரம் வரைந்த வழியை போனில் காட்டினேன்.

"இது யாரோட கோடு?"

"நம்மளோடதுதான்."

"குடிச்சிட்டு நீந்தின மாதிரி இருக்கே!"

"குடிச்சிருந்தா ஒரே பக்கமாவது சாய்ஞ்சிருப்போம்."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீ ஏன் சொல்லல? பின்னாடி இருந்தேல்ல?"

"பின்னாடி இருக்கறவ தலையைத் தூக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லிக்குடுத்தே?"

அவள் கை நீட்டினாள். என் போனை வாங்கி அந்தக் கோட்டை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் முழுக்க அவள் என்னை விடவில்லை. வேலை முடிந்ததும் நூலக வாசலில் ரப்பர் உடையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பாள். எதிர்த் தீவின் ஒற்றைப் பைன் மரம், ஒரு புகைபோக்கி, யாரோ விட்டுப்போன ஒரு வெள்ளைப் படகு, இப்படி எதையாவது குறிவைத்து நீந்துவோம். தலையைத் தூக்க அவள் உடம்பு மறுத்தது. தூக்கினாலும் பயன் இல்லை.

"பாத்தேன் தூவா. நல்லாத்தான் பாத்தேன். என்ன பாத்தேன்னுதான் தெரியல."

ஒரு நாள் பாறையில் ஈரம் சொட்ட நின்றுகொண்டு அவளாகவே சொன்னாள். அவள் பிறந்தது வெளித்தீவு ஒன்றில். பேசத் தெரிவதற்கு முன்பே படகில் ஏறியவள். ஆனால் சுக்கான் எப்போதும் அப்பா கையில், அப்புறம் அண்ணன் கையில், இப்போது புருஷன் ஆல்ரிக் கையில். அவள் இடம் படகின் முன்மூக்கு. கட்டும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். படகு மெதுவானால் எழுந்து திரும்பிக் கரைக்குக் குதிக்க வேண்டும். இந்தப் பக்கத்துத் துறைகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றுக்கும் வழி தெரியாது.

"இதை வெளில சொன்னா சிரிப்பாங்க," என்றாள். "இங்க பொறந்துட்டு!"

நான் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் நான் செய்தது என்ன என்று அந்த நேரம் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் படிக்கிறவர்கள் எடுத்த பாடத்தை எடுத்தேன், அவர்கள் மேற்கோள் காட்டியவர்களையே மேற்கோள் காட்டினேன். நல்ல மதிப்பெண்தான் வந்தது.

ஆகஸ்டில் இரண்டாவது பந்தயம், வடக்கே உள்ள தீவுகளில். ஹில்லேவி அன்று காலையிலேயே பரபரத்தாள். தொடக்கக் கோட்டில் என் கயிற்றுக் கொக்கியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பாதிப் பந்தயம் வரை அருமையாகப் போனது. ஒரு நீளமான நீச்சலில் இறங்கும்போது அவள் கரையில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்து, "ஆரஞ்சு! தெரியுது!" என்று கத்தினாள். இறங்கினோம். கயிறு இந்த முறை ஆடவே இல்லை. அம்பு விட்ட மாதிரி போனாள். எனக்கே பெருமையாக இருந்தது.

கை படகுத்துறையில் பட்டது. ஏணி பிடித்து ஏறினோம். மேலே நீளமான மேசை, காகிதத் தொப்பி போட்ட பத்துப் பதினைந்து பேர், நடுவே மலை மாதிரி குவித்த சிவந்த கிரேஃபிஷ் என்னும் நன்னீர் இறால், சோம்புக்கீரை, மதுக் குப்பிகள். எல்லோரும் வாயில் வைத்ததோடு எங்களையே பார்த்தார்கள். வழக்கமாக இரவில் நடக்கும் கிரேஃபிஷ் விருந்து, பட்டப்பகலில்.

"கொடி எங்க?" என்றாள் ஹில்லேவி மூச்சு வாங்கி.

"என்ன கொடிம்மா?" என்றார் ஒரு கிழவர்.

அவள் துறையின் கம்பத்தைக் காட்டினாள். அதில் பெரிய காகித விளக்கு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிறம், கண்ணும் மூக்கும் சிரிப்பும் வரைந்த முழு நிலா. ஆகஸ்டில் விருந்து நடக்கும் எல்லா வீட்டிலும் தொங்குவது. அவளே ஆல்ரிக்கின் துறையில் வருடா வருடம் தொங்கவிடுவது.

"அது நிலாடி கண்ணு," என்றார் கிழவர். "அதைப் பாத்து இவ்வளவு தூரம் நீந்தி வந்தவங்க நீங்கதான் முதல். உக்காருங்க, ஒரு பாட்டு பாடிட்டு ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"நாங்க பந்தயத்துல இருக்கோம்!"

"நாங்களும்தான். இந்தத் தட்டு காலியாகணும்ல?"

மேசை முழுக்கச் சிரித்தது. சிரித்துச் சிரித்து நானும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஹில்லேவி மட்டும் சிரிக்கவில்லை. உண்மையான கொடி அடுத்த முனையைத் தாண்டி இருந்தது. திரும்பக் குதித்து நீந்திச் சேர்ந்தபோது பந்தயத்தை மூட வந்த படகு எங்களுக்காகக் காத்திருந்தது. நேரம் கடந்துவிட்டது என்று எங்களை ஏற்றிக்கொண்டார்கள். படகில் அவள் நடு இருக்கையில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள்.

"ஒரு தடவைதான் பாத்தேன்," என்றாள். "ஒரு தடவை பாத்துட்டு, அதுவேதான்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் தலையத் தூக்கவே இல்ல. நேராப் போறோம்னு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

கதை எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. தோர்கெல் மறுநாளே எங்கள் இருவரையும் கூப்பிட்டான். செப்டம்பர் கடைசிப் பந்தயத்தில் சங்கத்துக்கு ஒரு நல்ல இடம் வேண்டும் என்றான். மாய்கென் டிரையத்லானை முடித்துவிட்டாள், பழைய ஜோடியாக வரத் தயார் என்றான். "ஹில்லேவி அவ பின்னாடி போகட்டும். முதல் அஞ்சு கிடைக்கும். தூவா, உனக்கும் வேற நல்ல ஜோடி போட்டுடறேன். யாருக்கும் நஷ்டம் இல்ல. என்ன சொல்ற ஹில்லேவி?"

ஹில்லேவி என்னைப் பார்த்தாள். போகாதே என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் நல்ல இடம் வேண்டியிருந்தது. குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன்.

"சரி," என்றாள்.

அந்த வாரம் அவள் ஊரெல்லாம் நடந்தாள். நூலக ஜன்னல் வழியே ஒரே நாளில் மூன்று தடவை அவள் தாண்டிப் போவதைப் பார்த்தேன். மருத்துவமனையில் மருத்துவர் கேட்டது ஒன்று, இவள் கொடுத்தது வேறொன்று என்று பேச்சு வந்தது. ஆல்ரிக் என்னைக் கடையில் பார்த்து, "என் பெண்டாட்டிக்கு என்ன பண்ணி வெச்சிருக்கே? சாப்பிடும்போதுகூட எட்டி எட்டி ஜன்னலுக்கு வெளியே பாக்கறா," என்றான்.

புதன்கிழமைப் பயிற்சியில் மாய்கெனும் ஹில்லேவியும் பழையபடி கயிறு மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். நான் பக்கத்தில் தனியாக நீந்தினேன். பாதி வழியில் இருவரும் நின்றிருந்தார்கள், தண்ணீருக்கு மேல் இரண்டு தலைகள், இரண்டும் கத்திக்கொண்டு.

"ஏன்டி தலையத் தூக்கிட்டே இருக்கே? கயிறு தொய்யுது!"

"நீ இடப்பக்கமா போறே மாய்கென்."

"போனா என்ன, அப்புறம் திருத்திக்குவேன்."

"மறுபடியும் இடப்பக்கம் போறே."

"எனக்கு அந்தப் பக்கத் தோள் கொஞ்சம் வீக்கு. ஆறு வருஷமா இப்படித்தான் போறேன்!"

"எனக்குத் தெரியாதே!"

"உனக்கு எதுக்குத் தெரியணும்? எத்தனையாவது வந்தோம்னு பாரு. உனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

நியாயமான கேள்விதான். மாய்கென் கோணலாகப் போயும் வேகமானவள். ஹில்லேவி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணும் கொறையல. ஆனா இனிமே குமிழிய மட்டும் பாக்க என்னால முடியாது. தலை தானா தூக்குது. உனக்கு நான் பாரம் ஆயிடுவேன்."

இடுப்பிலிருந்து கொக்கியைக் கழற்றினாள். என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொல்றே? முதல் அஞ்செல்லாம் கிடையாது. கரை சேர்ப்பேனான்னே தெரியாது."

அவள் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. குளிரில் முடிவெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அதே நேரத்தில் கொக்கிக்குக் கை நீட்டியும் விட்டேன்.

தோர்கெல் தலையில் அடித்துக்கொண்டான். மாய்கென் வேறொருத்தியோடு பதிந்துகொண்டாள்.

கடைசிப் பந்தயத்தன்று மேகம் தாழ இறங்கி, காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது. ஓட்டத்தில் நான் இழுத்தேன், நீச்சலில் அவள். நிறைய நேரம் எடுத்தாள். ஒவ்வொரு கரையிலும் நின்று, கொடியைப் பார்த்து, கொடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து, அப்புறம்தான் இறங்கினாள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. மூட வரும் படகின் சத்தம் எங்கோ கேட்கிற மாதிரியே இருந்தது.

மிக நீளமான நீச்சலின் நடுவே கயிறு தொய்ந்தது. என் கை அவள் காலில் இடித்தது. தலையைத் தூக்கினேன். ஹில்லேவி நின்றுவிட்டிருந்தாள். அலை ஏறி இறங்கியது. நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"கொடி தெரியல."

முன்னால் ஏழெட்டு ஜோடிகள், வண்ணத் தொப்பிகள் வரிசையாக வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. "அதோ போறாங்களே ஹில்லேவி! அவங்க பின்னாடியே போயிடலாம்!"

"அவங்க முன்னாடி போறவங்களைப் பாத்துப் போறாங்க."

"அதனால என்ன?"

"முதல்ல போறவ யாரைப் பாக்கறா? நிலாவையா?"

"எனக்குக் குளிருது! கால் மரத்துப்போச்சு! ஏதாவது ஒரு பக்கம் போ!"

"ஏதாவது ஒரு பக்கம் போறதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்? இரு."

இருந்தேன். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த அலை எங்களைத் தூக்கியது. அவள் கழுத்தை நீட்டினாள். இன்னொரு அலை வந்தது. மூன்றாவதில், "வெளுத்த பாறைக்கு மேல ரெண்டு பிர்ச் மரம். அதுக்குக் கீழதான் கொடி. நீரோட்டம் எல்லாரையும் வலப்பக்கம் தள்ளுது," என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கினாள்.

"நிச்சயமாவா?"

"இல்ல," என்றாள். போனாள்.

அந்தப் பெரிய தண்ணீரில் நாங்கள் இருவர் மட்டும் வேறு திசையில் போனோம். பின்னவள் தலையைத் தூக்கக் கூடாது. நான் தூக்கினேன், பல தடவை. பயத்தில் தூக்கினேன் என்பதுதான் உண்மை. வெளுத்த பாறை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. அவள் தலையும் தெரிந்தது, கொக்கு மாதிரி மேலே வந்து, திரும்பி, உள்ளே போய்.

கொடி பாறைக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் நாங்கள் அதற்குக் கொஞ்சம் தள்ளி, பாசி பிடித்த சரிவில் கரையேறி, நாலு கால் பிராணி மாதிரி ஊர்ந்து கொடிக்கு வர வேண்டியிருந்தது. ஓடி வருகிறவர்களுக்குப் புளூபெர்ரி சூப் ஊற்றிக்கொண்டிருந்த பெண், "நீங்க மட்டும் எங்கேருந்து வர்றீங்க?" என்றாள். மற்றவர்கள் வலப்பக்கத்து முனையில் ஏறிக் கரையோரமாகத் தடுக்கி விழுந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மாய்கென் இல்லை. அவள் எப்போதோ அந்தத் தீவையே தாண்டிப் போயிருந்தாள்.

முடிவுக் கோட்டைத் தொட்டோம், மூட வரும் படகுக்கு முன்னால். பெண்கள் பிரிவில் இருபதுக்கு வெளியே. மாய்கென் ஆறாவது. தோர்கெல் வந்து ஹில்லேவியின் தோளில் துண்டைப் போர்த்தி, "முதல் அஞ்சுல இருந்திருக்க வேண்டியவ நீ," என்றான். திட்டுகிற குரலிலும் இல்லை, பாராட்டுகிற குரலிலும் இல்லை.

"ஆமா," என்றாள் ஹில்லேவி.

மாய்கென் வந்து அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். "உன்னைத் தேடினேன்டி. என் பின்னாடி யாரோ மாதிரி இருந்துச்சு. இழுக்கறா இழுக்கறா, ஒரே பாரம்."

"நான் மட்டும் என்ன இலேசாவா இருந்தேன்?"

"நீ இருக்கறதே தெரியாது."

மாய்கென் அதை அன்பாகத்தான் சொன்னாள். ஹில்லேவி அவள் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, முடிவிடத்தில் கொடுத்த சூப் கிண்ணத்தோடு பாறையின் விளிம்புக்கு நடந்தாள். நானும் போனேன். குளிரில் என் தாடை நிற்காமல் ஆடியது. சந்தோஷமா வருத்தமா என்று எனக்கே பிடிபடவில்லை. அவளிடம் கேட்கலாம் என்று பார்த்தேன். அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் கொஞ்சம் தூக்கியிருந்தது. நாங்கள் கடந்த தண்ணீர் முழுவதும் தெரிந்தது, அந்த வெளுத்த பாறையும்.

"தூவா, அங்க பாரு," என்றாள், கரண்டியால் காட்டி. "தப்பாப் பிடிச்சிருக்கேன். நீரோட்டத்துக்குப் பயந்து ரொம்ப இடப்பக்கம் போயிட்டேன். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் பிடிச்சிருந்தா நேரா கொடிக்குக் கீழேயே ஏறியிருக்கலாம். தெரியுதா?"

நான் அவள் பக்கத்தில் நின்று, அவள் காட்டிய இடத்தைப் பார்த்தேன்.

"இல்ல," என்றேன். "எனக்கு வேற மாதிரி தெரியுது."

"எப்படி?" என்று கேட்டுக்கொண்டே கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அது நான் சொல்லி முடிப்பதற்குள் உருண்டு தண்ணீரில் விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.